கியர்ல நிக்குது

என் பழைய டிராக்டரை விலைக்குக் கேட்டு சேவுகம்பட்டிப் பக்கமிருந்து ஒரு பெண் வந்தாள். அந்த வண்டியால் என் தம்பியின் கால் எப்படிப் போனது என்பதை அவளிடம் உள்ளபடி சொல்லியாக வேண்டும். சொன்னால் இந்த வட்டாரத்தில் எனக்கிருக்கும் பெயர் கெடும். சொல்லாமல் விட்டால் தம்பிக்கு நேர்ந்தது அவளுக்கும் நேரலாம். அந்த ஒரு காலைப் பொழுதைத்தான் என் மகனை வைத்து எழுத உட்கார்ந்திருக்கிறேன். ஆனால் வண்டியைப் பற்றியும் என்னைப் பற்றியும் முதலில் சொன்னால்தான் விளங்கும்.

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். வேடசந்தூருக்குக் கிழக்கே, மழை பெய்தால் சோளமும் பெய்யாவிட்டால் முள்ளும் விளைகிற பூமி எங்களுடையது. அடுத்தவன் டிராக்டரில் கிளீனராக ஏறி, டிரைவராக உட்கார்ந்து, கடைசியில் சொந்த வண்டியோடு வீட்டுக்கு வந்தவன் நான். யாருடைய சிபாரிசும் கிடையாது. எந்தக் கட்சிக்காரன் வாசலிலும் கைகட்டி நின்றதில்லை. திண்டுக்கல்லில் பழைய வண்டி வாங்கி விற்கிறவர்கள் சந்தேகம் வந்தால் இன்றைக்கும் எனக்குத்தான் போன் போடுகிறார்கள். "ஐயா, செத்த வந்து காதைக் குடுத்துட்டுப் போங்க" என்பார்கள். ஒரு இரும்புக் கம்பியின் ஒரு முனையை இன்ஜின் மேல் வைத்து மறு முனையைக் காதில் ஒட்டினால், உள்ளே பேசுவது பேரிங்கா பிஸ்டனா என்று எனக்குத் தெரிந்துவிடும். நான் ஒரு வண்டிக்குச் சொன்ன மதிப்பை இதுவரை யாரும் தாண்டி விற்றதுமில்லை, குறைத்து வாங்கியதுமில்லை. இது பெருமைப் பேச்சு என்று தோன்றலாம். பெருமைதான். பொய் இல்லை.

பழைய வண்டி உசத்தியா, புது வண்டி உசத்தியா என்று எங்கள் ஊர் டீக்கடையில் பேச்சு எழுந்தால் தீர்ப்புச் சொல்கிற ஆள் நான்தான். பழைய வண்டி என்று அடித்துச் சொல்வேன். காரணம் இல்லாமல் இல்லை. பழைய வண்டியில் இரும்பு அதிகம். எங்கள் செம்மண் காய்ந்தால் பாறை மாதிரி ஆகிவிடும். அதில் கலப்பையை இறக்கி இழுக்கும்போது எடை இல்லாத வண்டி முன்சக்கரத்தைத் தூக்கிக்கொண்டு திணறும். என் வண்டி திணறியதே இல்லை. நடுக்காட்டில் நின்றுபோனால் பம்ப்பில் ஒரு நட்டைத் தளர்த்தி, காற்றை வெளியேற்றி, மறுபடி முடுக்கினால் கிளம்பிவிடும். அதற்கு ஒரு ஸ்பேனர் போதும். உதிரி சாமான் கம்பெனியில் நின்றுபோனால்கூட, திண்டுக்கல்லில் லேத் பட்டறைக்காரன் பழையதைப் பார்த்துப் புதிதாகக் கடைந்து கொடுத்துவிடுவான்.

என் மகன் புது வண்டி எடுத்த வருஷம் நடந்தது இது. நிலக்கடலை விதைக்கிற ஈரம். பெய்த மழைக்கு இரண்டு நாள்தான் தாங்கும். முதல் நாள் காலையில் அவன் வண்டியில் ஒரு சிவப்பு விளக்கு எரிந்தது. இன்ஜினில் ஒரு குறையும் இல்லை; கம்பி வைத்துக் கேட்டேன், மணி மாதிரி இருந்தது. ஆனால் உள்ளே இருக்கிற கம்ப்யூட்டர் ஓடக் கூடாது என்று முடிவு செய்துவிட்டது. அதைத் தட்டிக் கேட்க மடியில் வைக்கிற கம்ப்யூட்டரோடு ஒரு ஆள் மூன்றாம் நாள் வந்தான். அதற்குள் என் பழைய வண்டி எங்கள் காட்டையும் விதைத்து, அக்கம்பக்கத்து நாலு காட்டையும் விதைத்து முடித்திருந்தது. நான் தெருவில் நடந்த நடையைப் பார்த்து என் மனைவியே, "ரொம்பத்தான் நெஞ்சை நிமித்தாதீக, சட்டைப் பித்தான் தெறிச்சுரும்" என்றாள்.

புது வண்டியிலும் நல்லது உண்டு என்பதை இப்போதுதான் ஒத்துக்கொள்கிறேன். ஸ்டீயரிங்கை ஒரு விரலால் திருப்பலாம். டீசல் குறைவாகக் குடிக்கிறது. பழைய வண்டியின் இருக்கை என் இடுப்பில் இரண்டு எலும்பைத் தின்றுவிட்டது. அதன் சைலன்சர் என் வலது காதைப் பாதி எடுத்துக்கொண்டது. ஆனாலும் புது வண்டியில் ஒரே ஒரு விஷயத்தைத்தான் நான் அதிகமாகக் கேலி செய்தேன். கிளட்ச்சை அடிவரை மிதித்தால்தான் அது கிளம்பும். மிதிக்காமல் சாவியைத் திருப்பினால் ஊமையாக நிற்கும்.

"அதென்ன, காலைத் தொட்டுக் கும்பிட்டாத்தான் கிளம்புவேன்ங்குது, சாமியா அது?" என்று டீக்கடையில் சொல்லி எல்லோரையும் சிரிக்க வைத்திருக்கிறேன்.

போன வருஷம் என் இடது முழங்கால் மடங்க மறுத்தது. கிளட்ச்சை அடிவரை மிதிக்க முடியவில்லை. புது வண்டியைப் பார்க்க வந்த மெக்கானிக்கிடம், கிளட்ச்சுக்கு அடியில் இருக்கிற சுவிட்சுக்குப் போகிற ஒயரை வெட்டி நேராக ஒட்டிவிடச் சொன்னேன். அவன் என் தம்பியை நன்றாகத் தெரிந்தவன். கையில் இருந்த கட்டரைக் கீழே வைத்துவிட்டான்.

"ஐயா, உங்க தம்பி மாதிரி சொல்லு கேக்காத ஆளுகளுக்காகத்தான் இந்த ஒயரையே வச்சிருக்கான். அதைப் போயி நீங்களே வெட்டச் சொல்றீகளே" என்றான்.

வேண்டாம், விடு என்று சைகை காட்டிவிட்டு வீட்டுக்குள் போய்விட்டேன்.

அவன் அப்படிச் சொன்னதற்குக் காரணம் நான். அதை இங்கே சொல்லிவிடுகிறேன்.

பழைய வண்டியில் சாவி போடுகிற இடம் எப்போதோ உடைந்துபோனது. யாரும் மாற்றவில்லை. கீழே நின்று, பின்சக்கரத்துக்கு முன்னால் குனிந்து, செல்ஃப் மோட்டாரின் இரண்டு முனையையும் ஒரு திருப்புளியால் சேர்த்துத் தொட்டால் பொறி பறக்கும், வண்டி கிளம்பும். ஹேண்ட் பிரேக்கும் அப்படித்தான், இருந்த இடமே தெரியாது. அதனால் மேடான இடத்தில் நிறுத்தினால் சக்கரத்துக்கு ஒரு கல்லை வைத்துவிட்டு இறங்குவோம், நம்பிக்கை இல்லாவிட்டால் கியரிலும் போடுவோம். இந்தப் பக்கத்தில் பாதிப் பேர் இன்றைக்கும் இப்படித்தான் செய்கிறார்கள். இரண்டும் தனித்தனியாகச் சரி. இரண்டும் சேர்ந்தால்தான் எமன். கியரில் நிற்கிற வண்டியைக் கீழே நின்று திருப்புளியால் கிளப்பினால், அது கிளம்பும்போதே நகரும். நிற்கிறவன் இருப்பது சக்கரத்தின் பாதையில்.

அதற்காக எங்களுக்குள் ஒரு வழக்கம் வைத்திருந்தோம். இறங்குகிறவன் அடுத்து ஏறுகிறவனிடம், "கியர்ல நிக்குது" என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். கேட்டவன் "சரி" என்று சொல்ல வேண்டும். சொல்லாமல் வண்டியை ஒப்படைக்கக் கூடாது. இந்த வழக்கத்தை ஏற்படுத்தியவனே நான்தான். அப்போது தம்பி என் வண்டிக்கு டிரைவர். என்னைவிட நேராக உழுவான்.

பதினெட்டு வருஷம் ஆகிறது. மத்தியானம் கிணற்றுமேட்டில் வண்டியைக் கியரில் போட்டு, கல் வைத்துவிட்டு இறங்கினேன். வேப்பமரத்தடியில் உழவுக்கு நாள் கேட்டு வந்தவர்கள் நாலைந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். முந்தின நாள் ஒரே பகலில் நான் எவ்வளவு உழுதேன் என்று அவர்களிடம் சொல்லிக்கொண்டே தூக்குவாளியைத் திறந்தேன். தம்பி வந்தான். "எடுக்கவாண்ணே?" என்று கேட்டான். எடு என்று கையை ஆட்டினேன். பேச்சை நிறுத்த மனம் இல்லை. அவன் கல்லை எடுத்துத் தள்ளிப் போட்டுவிட்டுத் திருப்புளியோடு குனிந்தான்.

சக்கரம் அவன் வலது கணுக்காலின் மேல் ஏறி இறங்கியது. மதுரையில் இரண்டு மாதம் படுத்துக் கிடந்தான். பாதம் இருக்கிறது, ஆனால் மடங்காது.

ஆஸ்பத்திரி வராந்தாவில் ஊரே கூடியிருந்தது. எப்படி நடந்தது என்று கேட்டார்கள். "கியர்ல நிக்குதுன்னு சொன்னேனே, சொன்னேனே" என்று அழுதேன். மரத்தடியில் இருந்தவர்களுக்கு நான் சொன்னேனா இல்லையா என்று நினைவில்லை; நான் சொன்னேன் என்றதும் அவர்களும் ஆமாம் என்றார்கள். என் வார்த்தைக்கு அவ்வளவு மதிப்பு. அதன்பிறகு தம்பியை எந்த வண்டிக்காரனும் டிரைவராகச் சேர்க்கவில்லை. கால் காரணமில்லை. அந்தக் காலோடு அவன் ஓட்டுவான். "சொல்லு கேக்காத ஆளு" என்றார்கள். டீக்கடையில் அவன் வந்து உட்கார்ந்தால், "ஏலே, டீ சூடா இருக்குன்னு ரெண்டு தடவை சொல்லு, ஒரு தடவை சொன்னா இவனுக்குக் கேக்காது" என்று கிண்டல் செய்வார்கள். அவன் சிரித்துக்கொண்டே குடிப்பான். நூல் மில் ஒன்றில் வாட்ச்மேனாகச் சேர்ந்து இன்றுவரை அங்கேதான் இருக்கிறான்.

இனி அந்தப் பெண் வந்த கதை.

நாற்பது வயது இருக்கும். வீட்டுக்காரர் லாரி டிரைவர், மாதத்தில் பாதி நாள் வெளியூர். மல்லிகையும் தக்காளியும் தென்னையுமாக நிலத்தைப் பார்ப்பது அவளும் அவள் நாத்தனாரும். வண்டியை இரண்டு தரம் சுற்றி வந்தாள். பானட்டை விரல் முட்டியால் தட்டிப் பார்த்தாள். டயரைப் பார்க்கவே இல்லை. டயர் மாற்றக்கூடியது என்று தெரிந்தவள். எனக்கு அவளைப் பிடித்துப்போயிற்று.

"எந்த வருசத்து வண்டிங்கய்யா?"

"உன் வயசு இருக்கும் தாயி."

"அப்ப நல்லாத்தான் இருக்கும்" என்றாள்.

"புதுசு எடுக்கலாம்ல? லோனைக் கையில வச்சுக்கிட்டு வாசல்ல வந்து நிக்கிறானே."

"புதுசுன்னா அது நிக்கச் சொன்ன இடத்துல நான் நிக்கணும். இதுன்னா நான் நிக்கச் சொன்ன இடத்துல இது நிக்கும். எங்க சித்தப்பாகிட்ட இதே வண்டி இருந்துச்சு. பம்ப்பைக் கழட்டி மாட்டுவேன்."

இதற்கு மேல் ஒரு பழைய வண்டிக்கு என்ன மரியாதை வேண்டும்? என் பங்குக்கு நானும் அளந்தேன். இந்த இன்ஜின் ஒரு தரம்தான் பிரிக்கப்பட்டது, அதுவும் என் கையால் என்றேன். வேடசந்தூரிலிருந்து கீரனூர் வரை இதை அறியாத உழவன் கிடையாது என்றேன். அந்த நேரத்தில் தம்பி மில்லில் ஷிப்ட் முடிந்து சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தான். தினமும் அந்த வேளைக்கு எங்கள் வீட்டில்தான் டீ. வாசல் கல்லில் உட்கார்ந்தான்.

"இவுகளும் ஓட்டிருக்காகளா?" என்று அவனைக் காட்டிக் கேட்டாள்.

"என்னைவிட நேரா உழுதவன் இவன்தான்" என்றேன்.

"எப்படிண்ணே வண்டி?" என்று அவனிடமே கேட்டாள்.

"வண்டி மேல ஒரு தப்பும் இல்லம்மா" என்றான் தம்பி.

"சரி, கிளப்பிப் பாப்போம். நானும் எங்க நாத்தனாரும் மாத்தி மாத்தித்தான் ஓட்டணும்" என்றவள், பையிலிருந்து ஒரு நீளத் திருப்புளியை எடுத்தாள். "சாவியெல்லாம் இருக்காதுன்னு தெரியும். சித்தப்பா வண்டிக்கும் இதான்."

சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு பின்சக்கரத்துக்கு முன்னால் போய்க் குனிந்தாள். என் தம்பி குனிந்த அதே மாதிரி. கியரைப் பார்க்கவில்லை. யாரையும் கேட்கவும் இல்லை.

வண்டி நியூட்ரலில்தான் நின்றது. காலையில் நானே போட்டிருந்தேன். ஒன்றும் ஆகியிருக்காது. ஆனாலும் என் குரல் எனக்கே அடையாளம் தெரியாத சத்தத்தில், "எந்திரி, எந்திரி தாயி, வெளிய வா!" என்று கத்தினேன். உள்ளேயிருந்து என் மனைவி டம்ளர்களோடு ஓடி வந்தாள்.

அந்தப் பெண் திருப்புளியோடு எழுந்து நின்றாள். "என்னங்கய்யா? கரண்டு அடிக்குமா?"

அப்போதும் நான் தப்பித்திருக்கலாம். கியரைப் பார்த்துக் கிளப்பு என்று ஒரு புத்திமதி சொல்லிவிட்டு விற்றிருக்கலாம். தம்பியைக் காட்டி, சொன்னதைக் கேட்காததால் இவன் கால் போனது என்று வழக்கமான கதையைச் சொல்லியிருந்தாலும் அவள் பயந்து கவனமாக இருந்திருப்பாள். வாயைத் திறக்கும்வரை அதைத்தான் சொல்வதாக இருந்தேன். ஆனால் அவளும் நாத்தனாரும் மாற்றி மாற்றி ஓட்டப்போகிறவர்கள். கேட்காதவனுக்குத்தான் ஆபத்து என்று நான் சொன்னால் இரண்டு பேரும் காதைத் தீட்டிக்கொண்டு இருப்பார்கள். சொல்ல மறந்துபோகிற ஒரு நாள் வரும் என்பது அவர்களுக்கு எப்படித் தெரியும்?

"இந்த வண்டி என் தம்பி கால்ல ஏறிருச்சு" என்றேன். "கியர்ல நிக்குதுன்னு நான் அவன்கிட்டச் சொல்லணும். அதான் எங்க வழக்கம். நான் சொல்லல. பேச்சு சுவாரஸ்யத்துல மறந்துட்டேன். சொன்னேன்னு ஊரை நம்ப வச்சேன்."

என் மனைவி டம்ளர்களைத் தரையில் வைத்துவிட்டுத் தம்பியைப் பார்த்தாள். நான் பார்க்கவில்லை.

அந்தப் பெண் தம்பியைப் பார்த்து, "அப்ப உங்களுக்கு இது இன்னிக்குத்தான் தெரியுமாண்ணே?" என்றாள்.

"எனக்குக் காது நல்லாத்தான்ம்மா கேக்கும்" என்றான் அவன். "அன்னிக்கும் கேட்டுச்சு. சொல்லாதது சொல்லாததுதான்."

"அப்புறம் ஏன் சும்மா இருந்தீக?"

அவன் மடங்காத காலை நீட்டி வைத்துக்கொண்டான். "கண்ணு முழிச்சுப் பாக்குறேன், வராந்தாவுல அண்ணன் 'சொன்னேன் சொன்னேன்'னு அழுதுக்கிட்டு இருக்காரு. சுத்தி அம்புட்டுச் சனம். அத்தனை பேரு முன்னாடி எங்க அண்ணனைப் பொய்யன்னு எப்படிச் சொல்றது? சரி, வீட்டுக்குப் போயிச் சொல்லுவோம்னு இருந்தேன். வீட்டுக்கு வந்தா அப்புறம் சொல்லுவோம்னு இருந்தேன்." என்னைப் பார்த்தான். "நீயே சொல்லுவேன்னும் இருந்தேண்ணே. அது ஒரு ரெண்டு வருசம்."

அடித்திருந்தால் தாங்கியிருப்பேன்.

அந்தப் பெண் எங்கள் குடும்ப விஷயத்தில் அதற்கு மேல் நுழையவில்லை. வண்டியைப் பார்த்துக்கொண்டே, "இது எனக்கு வேணும். ஆனா இப்படி வேணாம்" என்றாள். சாவி வேண்டும், ஹேண்ட் பிரேக் வேண்டும், புது வண்டியில் இருப்பது போலக் கிளட்ச்சை மிதித்தால்தான் கிளம்புகிற சுவிட்ச் இதற்கும் வேண்டும் என்றாள். நான் நாலு நாள் அவகாசம் கேட்டேன். அவள் போன பிறகு மனைவி மத்தியானம் வெஞ்சனம் இல்லாமல் வெறும் சோறும் மோரும் வைத்தாள். கேட்கவில்லை. கேட்கிற தகுதி எனக்கு அன்று இல்லை.

ஒயரை வெட்ட மறுத்த அதே மெக்கானிக்கை அழைத்தேன். சுவிட்ச் மட்டும் போட்டால் போதாது என்பது அவனைவிட எனக்குத் தெரியும். திருப்புளியால் நேராகத் தொட்டால் எந்தச் சுவிட்சும் குறுக்கே வராது. அதனால் செல்ஃப் மோட்டாரின் முனைகள் மேல் கெட்டித் தகட்டில் ஒரு கூடு செய்து, திருப்புளி நுழையாதபடி போல்ட் வைத்து மூடச் சொன்னேன். இதற்கு அரை மணி நேர வேலைதான் ஆயிற்று. பதினெட்டு வருஷத்தில் அந்த அரை மணி நேரத்தை நான் ஒதுக்கவில்லை. என் வண்டிக்கு எதுவும் தேவையில்லை என்று சொல்லிச் சொல்லியே ஒதுக்கவில்லை. பழைய வண்டியின் இன்ஜினுக்கு நான் கொடுக்கிற மதிப்பில் இன்றைக்கும் குறைவில்லை. ஆனால் அது மனிதன் மறக்க மாட்டான் என்று நம்பிச் செய்யப்பட்ட வண்டி. புது வண்டியைச் செய்தவன் மனிதன் மறப்பான் என்று தெரிந்து செய்திருக்கிறான். நான் கேலி செய்தது அவனுடைய அந்த அறிவைத்தான்.

சேவுகம்பட்டிக்கு யார் ஓட்டிக்கொண்டு போவது என்ற பேச்சு வந்தது. என் மகன் தான் போவதாகச் சொன்னான். தம்பி மில்லுக்கு லீவு சொல்லிவிட்டு விடியற்காலையில் வந்து நின்றான். ஒன்றும் கேட்காமல் சாவியைக் கொடுத்தேன். பைபாஸ் ரோட்டில் அவன் முன்னால் போக, மகனோடு மோட்டார் சைக்கிளில் பின்னால் போனேன். திண்டுக்கல்லைத் தாண்டி வத்தலக்குண்டு ரோட்டில் மணல் லாரிகளுக்கு நடுவே அவன் ஒரு தரம்கூடத் தடுமாறவில்லை. "சித்தப்பா இம்புட்டு நல்லா ஓட்டுவாருன்னு எனக்குத் தெரியாதேப்பா" என்றான் மகன். அவனுக்குத் தெரியாமல் போனதற்கும் நான்தான் காரணம்.

மறுநாள் டீக்கடைக்குப் போனேன். வழக்கமான ஆட்கள் இருந்தார்கள். அன்று மரத்தடியில் இருந்தவர்களில் ஒருவரும் இருந்தார். நின்றுகொண்டே சொன்னேன். "அன்னிக்கு நான் கியர்ல நிக்குதுன்னு சொல்லல. என் தம்பி மேல தப்பு இல்ல. நான் பொய் சொன்னேன்."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். பிறகு மரத்தடியில் இருந்த அந்த மனிதர் பெருமூச்சு விட்டார். "பாத்தீகளாடா, வயசான காலத்துல தம்பி பேரு நல்லா இருக்கட்டும்னு தன் தலையில தூக்கிப் போட்டுக்கிறாரு. இந்த மனசு யாருக்குடா வரும்?"

"இல்லப்பா, நெசமாவே நான் சொல்லல."

"சரி சரி, நீங்க சொல்லல. உக்காருங்க" என்று சிரித்தார். கடைக்காரர் எனக்கு முதல் டீயை ஆற்றினார்.

அதன் பிறகும் மூன்று தரம் சொல்லிவிட்டேன். சொல்லச் சொல்ல என் பெயர் பெரிதாகிறதே தவிர, தம்பியின் பெயர் இருந்த இடத்திலேயே இருக்கிறது. ஒரு பொய்யை நம்ப வைக்க அன்று எனக்கு ஒரு நிமிஷம் போதுமாக இருந்தது. எனக்கு எழுத்து சரளமாக வராது. இருந்தும் மகனை உட்கார வைத்துச் சொல்லி, அவன் எழுதியதை நானே ஒரு தரம் எழுத்துக் கூட்டிப் படித்துச் சரிபார்த்துக் கொடுக்கிறேன். படித்துவிட்டும் நம்பாதவர்கள் என் தம்பியிடம் நேராகக் கேட்டுக்கொள்ளலாம். இனிமேல் யாராவது கேட்டால் உள்ளதைச் சொல்லுவேன், நீ வருத்தப்படக் கூடாது என்று என்னிடம் சொல்லியிருக்கிறான். சரி என்று சொல்லிவிட்டேன்.